ஒரு சுகோயும் ஒரு தெலுங்குச் சொல்லும்

சேகரின் கையில் ஒரு துணிக்கடைப் பை. பைக்குள் இரண்டு புடவைகள். ஒன்று வெள்ளை, ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. இன்னொன்று அரக்கு, ஜரிகை போட்டது.

"ண்ணா, நீயே சொல்லு. அக்காவுக்கு எதைக் கட்டறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

போன ஆடி மாதம். ஆந்திர எல்லைக்குள் தமிழ் பேசும் சிற்றூர் ஒன்று, பிச்சாட்டூர் ஏரிக்குப் பக்கத்தில். வாசலில் ஷாமியானா போட்டு, வாடகை நாற்காலிகள் இறக்கியிருந்தார்கள். ஆடிக் காற்று பந்தல் துணியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் தேவகியம்மா படுத்திருந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அந்தக் குங்குமம் அவரே வைத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புடவை வரவேண்டும். பொறந்த வூட்டுக் கோடி என்போம். சுமங்கலியாகப் போனால் கலர்ப் புடவை, மஞ்சள், குங்குமம், தலைநிறையப் பூ. கணவனை இழந்தவள் என்றால் வெள்ளை, அதோடு சரி. சேகர் நகரியில் பவர்லூம் வைத்திருப்பவன். அவனுக்குப் புடவைக்கா பஞ்சம்? தன் அக்கா சுமங்கலியா இல்லையா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. ஊருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

தேவகியம்மா, ஃப்ளையிங் ஆபீசர் ரகுபதியின் மனைவி. வங்கதேசப் போர் சமயத்தில் ஒரு காலையில் ரகுபதி சார் சுகோய் விமானத்தில் ஏறிப் போனார். திரும்பி வரவில்லை. அவருக்கு பெல்ட் மாட்டி, தோளில் தட்டி அனுப்பியவன் நான். நம்மவர்களில் அவரைக் கடைசியாக அருகில் பார்த்தது நான்தான். அதனால்தான் கேள்வி என்னிடம் வந்தது.

யார் என்ன கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அன்றைக்கு மட்டும் "இரு சேகரு, வரேன்" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிப் பக்கம் நகர்ந்தேன்.

குடிகாரன்

போன வாரம் இந்தத் தொடரில் விமானத்தை விட்டுவிட்டு மெஸ் சாப்பாட்டைப் பற்றியே எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் போனில் கோபித்துக்கொண்டார். "ஸ்குவாட்ரன் வரலாறுன்னு ஆரம்பிச்சீங்க, சாம்பார் வரலாறா போய்க்கினு கீதே சார்" என்றார். நியாயம்தான். ஐயா, இந்த வாரம் விமானம் உண்டு.

விமானப்படையில் எங்கள் ஸ்குவாட்ரனுடைய விமானம் சண்டையும் போடும், குண்டும் போடும் வகை. ஃபைட்டர் பாம்பர் என்பார்கள். ரஷ்யாவிலிருந்து வந்து இறங்கிய சுகோய்-7. இன்று டிவியில் காட்டுகிறார்களே, அந்த சுகோய் இல்லை, அதற்குப் பெரியப்பா. மூக்கு முழுக்கக் காற்றை உறிஞ்சும் வாய், வாய்க்கு நடுவில் ஒரு கூம்பு. ஒரே எஞ்சின், ஒரே ஆள். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பீரங்கிகள். ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும், அத்தனை உயரம்.

அதற்கு நாங்கள் வைத்த பெயர் குடிகாரன். எரிபொருளை அப்படிக் குடிக்கும். வயிற்றுக்குக் கீழே உபரி டேங்க் கட்டி அனுப்பினாலும், தாழப் பறந்தால் சீக்கிரமே வீடு திரும்பியாகவேண்டும். இறங்கும்போது அதன் வேகம் லேசில் அடங்காது. வால் பக்கத்திலிருந்து ஒரு பாராசூட் விரிந்து பின்னால் இழுத்தால்தான் நிற்கும். ஆனால் முரட்டு உடம்பு. இறக்கையில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டையோடு வந்து இறங்கிய ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். தகடு வெட்டி, ரிவெட் அடித்து, மறுபடியும் சண்டைக்கு அனுப்பினோம்.

நான் எஞ்சின் ஃபிட்டர். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் ரஷ்யர்கள். அவர்கள் சொல்வதை ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லுவார், அதை ஒரு சர்தார்ஜி இந்தியில் சொல்லுவார், அதை நான் மனதுக்குள் தமிழாக்கிக்கொள்ளவேண்டும். இடப்பக்கம் திருப்பச் சொன்ன வால்வு எங்களிடம் வந்து சேரும்போது வலப்பக்கம் ஆகியிருக்கும். திட்டு வாங்காத நாளே கிடையாது.

ரகுபதி சார் எனக்கு அறிமுகமானது ஒரு ஏணியால். ஏணி சறுக்கி முழங்கால் எலும்பில் இடித்தது. "அய்யே, இன்னா எழவுடா இது!" என்று கத்திவிட்டேன். பின்னால் ஒரு சிரிப்பு.

"எந்த ஊருப்பா நீ? நாகலாபுரமா, சத்தியவேடா?"

திரும்பிப் பார்த்தால் ஆபீசர். விறைத்து நின்றேன். "பிச்சாட்டூர் பக்கம் சார்."

"அட, நம்ம ஊரு! எங்க வூடு ஏரிக்கு அந்தாண்ட. சரி, காலையில துன்னியா?"

பஞ்சாப் விமானத் தளத்துக்குப் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதுவரை யாரும் என்னை 'துன்னியா' என்று கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழங்கால் வலி என்று சமாளித்தேன்.

ஆபீசருக்கும் எங்களுக்கும் நடுவில் பெரிய மதில் உண்டு. அவர் மெஸ் வேறு, எங்கள் மெஸ் வேறு. ஆனாலும் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் இருவருக்கும் சொந்தம். டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே ஊர்க் கதை பேசுவார். எந்தக் கழனியில் வேர்க்கடலை போட்டிருக்கிறார்கள், ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எல்லாம் வேண்டும் அவருக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் தேவகியின் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவார். "வூட்டுல லெட்டர் போட்டுகினு கீறாங்க" என்பார். அவ்வளவுதான்.

பூரி

போர் தொடங்கியதும் விமானங்களை மண் கரைகளுக்குப் பின்னால் நிறுத்தி வலை போட்டு மூடினோம். பஞ்சாப் குளிரில் ஸ்பானர் கையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு விமானம் வந்து இறங்கினால் எண்ணெய் நிரப்பி, ராக்கெட் ஏற்றி, பாராசூட் அடைத்து மறுபடியும் அனுப்பவேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் இறக்கை நிழலில்.

அன்றைக்குக் காலையில் பனி விலகத் தாமதமானது. எதிரியின் ரயில்வே யார்டு ஒன்றில் டாங்கிகளை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள் என்று செய்தி. நான்கு விமானங்கள் போகவேண்டும். மூன்றாவது ரகுபதி சாருடையது.

ஏணியில் நின்று பெல்ட் மாட்டினேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "முனிரத்தினம், நேத்து மெஸ்ல துன்ன பூரி இன்னும் நெஞ்சுலயே நிக்குதுப்பா. வந்து ஒரு சோடா குடிக்கணும்" என்றார். சிரித்தேன். ஆபத்தில் ஆளோடு வெளியே பாய்கிற அவர் சீட்டின் பாதுகாப்பு ஊசிகளை உருவி, இதோ பாருங்கள் என்று காட்டினேன். தலையாட்டினார். தோளில் தட்டிவிட்டு இறங்கினேன்.

நான்கு போயின. மூன்று வந்தன.

கூடப் போன பைலட் இறங்கி வந்து சொன்னது இவ்வளவுதான். குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது கீழேயிருந்து கடுமையாகச் சுட்டார்கள். ரகுபதியின் விமானத்தில் புகை தெரிந்தது. பிறகு புழுதியில் ஆள் மறைந்துவிட்டான். பாராசூட் விரிந்ததைப் பார்க்கவில்லை. விமானம் விழுந்ததையும் பார்க்கவில்லை.

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. திரும்பாத விமானத்தின் ஏணியை வேறு விமானத்துக்கு எடுக்கக் கூடாது. பொழுது சாயும்வரை அந்த விமானத்தின் ஆட்களே அதன் பக்கத்தில் நிற்கவேண்டும். எரிபொருள் எப்போதோ தீர்ந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நிற்போம். நான் நின்றேன். சாயங்காலம் சார்ஜெண்ட் வந்து, "சலோ முனி" என்றார். ஏணியை நானே தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஸ்குவாட்ரனின் வரலாறு என்று வழவழப்பான ஒரு புத்தகம் கொரியரில் வந்தது. எத்தனை டாங்கி, எத்தனை பதக்கம், எந்த விமானம் எந்த வருடம் வந்தது, எல்லாம் இருந்தது. அந்த நாளைப் பற்றியும் இருந்தது. ஒரு விமானம் திரும்பவில்லை என்று ஒரே வரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரிடம் கோபப்படுவது? எழுதினவர் அப்போது பிறந்துகூட இருக்கமாட்டார்.

தபாலாபீசில் ஒரு சொல்

இனி நான் சொல்லப்போவது என் கண்ணால் பார்த்ததில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பலர் வாயால் கேட்டது.

தந்தி ஆங்கிலத்தில் வந்தது. ரகுபதி சாரின் அப்பாவை ஊரே பெரிய நைனா என்று கூப்பிடும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மருமகளுக்கும் அவ்வளவு ஓடாது. தந்தியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் தபாலாபீசுக்கே ஓடினார். அங்கிருந்த போஸ்ட் மாஸ்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர், கடலோரத் தெலுங்கர், நல்ல மனிதர். தந்தியில் 'மிஸ்ஸிங்' என்று இருந்தது. படித்துவிட்டு, முகத்தைப் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டு தெலுங்கில் சொன்னார்.

"பெத்தாயனா, மீ அப்பாயி தப்பிபோயாடு."

தெலுங்கில் அதற்கு, உங்கள் பிள்ளை காணாமல் போய்விட்டான் என்று அர்த்தம். பெரிய நைனாவின் காதில் விழுந்தது, தப்பிப் போய்விட்டான்.

தெலுங்கே தெரியாதவரா பெரிய நைனா? சந்தையில் மாட்டு விலை பேசுவது தெலுங்கில், தாலுகா ஆபீசில் சண்டை போடுவது தெலுங்கில். ஆனால் எங்கள் சித்தூர்த் தெலுங்கில் காணோம் என்பதற்கு 'அகுபடலேது' என்போம். அந்த மனிதர் தன் ஊர்ப் பேச்சில் சொன்னார். தப்பித்தான் என்று தெலுங்கில் சொல்லவேண்டுமானால் 'தப்பிஞ்சுகுன்னாடு' என்று வரவேண்டும். இதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருப்பான் தந்தியைக் கையில் பிடித்த தகப்பன்? பயந்தவன் காது தாய்மொழியில்தான் கேட்கும்.

கையெடுத்துக் கும்பிட்டாராம். போஸ்ட் மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் கும்பிடுகிறார் என்று நினைத்து அவரும் கும்பிட்டாராம். பெரிய நைனா துண்டைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு ஊருக்குள் ஓடி வந்தார். "எம்புள்ள தப்பிச்சுட்டாண்டா! எதிரி கையில மாட்டாம தப்பிச்சுட்டாண்டா!" வீட்டுக்கு வீடு வெல்லமும் பொட்டுக்கடலையும் கொடுத்தார்கள். மறுவாரமே திருமலைக்கு நடந்து போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. அதையும் யாரோ படித்துச் சொன்னார்கள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இருந்தது. தப்பிப் போனவனைத் தேடத்தானே வேண்டும்? அதுவும் பொருந்திவிட்டது.

போர் முடிந்து ஒரு மாதம் கழித்து நான் போனேன். மனதுக்குள் ஒப்பாரியை எதிர்பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு வாசலில் மாக்கோலம். பெரிய நைனா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது.

"வாப்பா வா! எம்புள்ள எப்ப வரானாம்? காட்டு வழியா நடந்து வந்துகினு கீறானா?"

தந்தியைக் காட்டச் சொன்னேன். படித்தேன். யார் உங்களுக்குப் படித்துச் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னார் என்று கேட்டேன். சொன்னார். பக்கத்தில் உட்காரவைத்து, அந்தச் சொல்லுக்கு அந்த ஆள் பேச்சில் என்ன அர்த்தம் என்று மெதுவாக விளக்கினேன். வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் தலையைத் தானே தடவிப் பார்த்தார். "மொட்டை போட்டுட்டனேப்பா" என்றார். அடுத்த வருடம் அவர் இல்லை.

சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு தேவகி நின்றிருந்தார். அப்போது இருபது வயது இருக்கும். அவரைப் பார்த்து, "தெலுங்குல அதுக்கு அர்த்தம் வேறம்மா" என்றேன்.

"எனக்கு யாரும் தெலுங்குல சொல்லலையேண்ணா" என்றார். "மாமா வந்து தமிழ்லதானே சொன்னாரு."

தந்தி சுமங்கலி

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் மிச்ச வாழ்க்கை முழுவதையும் வாழ்ந்தார். ஏமாந்தவர் இல்லை. அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. "அந்த போஸ்ட் மாஸ்டரு வாயில வேற வார்த்தை வந்திருக்கலாம் இல்ல? ஏன் இது வந்துச்சு?" என்பார். இதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லித்தருகிறார்கள்?

நம்பிக்கைக்கு இடமும் இருந்தது. பிடிபட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஸ்குவாட்ரன் ஆபீசர் ஒருவரே எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அந்த நாட்களில் தேவகி ரேடியோவை விட்டு நகரவில்லை. பெயர்கள் வந்தன. ரகுபதி வரவில்லை.

பிறந்த வீட்டில் வேறு கல்யாணம் செய்து வைக்கப் பார்த்தார்கள். மாட்டேன் என்றார். செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டால் பென்ஷன் கிடைக்கும் என்று ஆபீசிலிருந்து சொன்னார்கள். அதற்கும் மாட்டேன். பன்னிரண்டு வருடம் காணாமல் போனவனுக்கு தர்ப்பையில் உருவம் செய்து கருமம் செய்வது எங்களில் வழக்கம். பங்காளிகள் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். "உசுரோட கீறவருக்கு கருமம் பண்ணா பாவம் உங்களுக்கா, எனக்கா?" என்று கேட்டாராம். ஐயர் தட்சணைகூட வாங்காமல் திரும்பிப் போனார்.

மாமனாரின் நிலத்தை அவரே பார்த்துக்கொண்டார். கரும்பு போட்டார், பிறகு மாந்தோப்பு. ஆட்களை வேலை வாங்குவதில் ஆண்பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். ஊர் மதித்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்தார்கள்: தந்தி சுமங்கலி. குங்குமம் வைத்திருக்கிறாளே என்று எதிரில் வந்தால் சகுனம் பார்க்கமாட்டார்கள். ஆனால் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு நலங்கு வைத்து மஞ்சள் பூசக் கூப்பிடமாட்டார்கள். வளைகாப்பில் வளையல் போடக் கூப்பிடமாட்டார்கள். எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள். அவரும் அதைத் தெரிந்துகொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

நான் விமானப்படையை விட்டு வந்து ரேணிகுண்டாவில் வீடு கட்டிக்கொண்டேன். பொங்கல் கழித்து வருடா வருடம் அவரைப் பார்க்கப் போவேன். போனதும் காபி, பிறகு விசாரணை. போலீஸ் தோற்றுப்போகும்.

"எண்ணெய் எத்தினி நேரம் வரும்ண்ணா?"

"போறதுக்கும் வரதுக்கும் சேர்த்து ஒரு மணிக்கும் உள்ளதாம்மா."

"குடை ஒண்ணு கீதுன்னு சொன்னியே. அதை விரிச்சு மெதுவா இறங்கியிருக்கலாம் இல்ல?"

"அது வால்ல இருக்கிற குடைம்மா. தரையில ஓடும்போது பிரேக் போடறதுக்கு. ஆகாசத்துல விரிக்க முடியாது."

"அவருக்குன்னு வேற குடை கீது இல்ல?"

"கீதும்மா. சீட்டோட கீது."

"ஊசியை நீ உருவிட்டே இல்ல?"

"உருவிட்டேன். அவருக்குக் காட்டினேன்."

இந்த இடத்தில் மூச்சு விடுவார். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில். ஒருமுறை கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார். நாடு, கடமை என்று ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இட்டுக்கட்ட வரவில்லை. பூரியைச் சொன்னேன். ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு சிரிப்பு. "எண்ணெய்ப் பலகாரம் அவருக்கு ஒத்துக்காதுண்ணா. வேணாம் வேணாம்னு லெட்டர்ல எழுதுவேன்" என்றார்.

அன்றைக்கு அவர் முகத்தில் புதுப்பெண்ணைப் பார்த்தேன். அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அரக்கு

வேப்பமரத்தடியில் நான் நின்றுகொண்டிருந்தபோது கன்னியப்பன் வந்தார். ரகுபதி சாருக்குச் சித்தப்பா மகன், பங்காளிகளில் இப்போது அவர்தான் மூத்தவர். சேகரும் பையோடு பின்னாலேயே வந்தான்.

"இதுல யோசிக்க இன்னாப்பா கீது?" என்றார் கன்னியப்பன். "அண்ணன் இருந்தா எம்பதுக்கு மேல ஆவுது. உசுரோட இருந்தா இத்தினி வருஷம் வராமயா இருப்பாரு? சின்னப் புள்ளைக்கும் தெரியும். வெள்ளையைக் கட்டிட்டு வேலையைப் பாருங்க. பொழுது போவுது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கணக்குப் போட்டால் அவர் பக்கம்தான் நியாயம். நானும் கணக்குப் பார்க்கிறவன்தான். வருடா வருடம் அந்த அம்மாவிடம் எண்ணெய்க் கணக்குச் சொன்னவன்.

கூடத்துக்குள் பார்த்தேன். பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துவிட்டது. இரண்டு பேர் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாலியின் மேல் ஒரு கை போய்ப் போய்த் திரும்பியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கன்னியப்பா, நான் எஞ்சின்காரன். கண்ணால பார்த்ததுக்குத்தான் கையெழுத்துப் போட்டுப் பழக்கம். அவரு ஏணியில ஏறினதைப் பார்த்தேன். போனதைப் பார்த்தேன். செத்ததை நான் பார்க்கலை. நீ பார்த்தியா?"

"அது எப்படிப்பா நான்..."

"பார்க்கலை இல்ல? கூடப் போனவரும் பார்க்கலை. அரசாங்கமும் பார்க்கலை. பார்க்காததுக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன். சேகரு, அரக்கை எடு."

கன்னியப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரிப்பா, நடக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சேகர் பைக்குள் கைவிட்டான். வெள்ளைப் புடவையைப் பையோடு சுருட்டி வண்டி சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அரக்குப் புடவை கட்டி வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். யாரோ ஓடிப்போய்க் கனகாம்பரமும் மல்லியும் வாங்கி வந்தார்கள். நெற்றியில் காசளவு குங்குமம். என் மனைவி கஸ்தூரி என் பக்கத்தில் நின்று, "எவ்ளோ அழகா கீறாங்க பாருங்க" என்று முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுமங்கலியாகப் போகிறவளின் குங்குமத்தை மற்றப் பெண்கள் எடுத்து வைத்துக்கொண்டால் தாலி பாக்கியம் நிலைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் வந்தது யார் தெரியுமா? கன்னியப்பனின் மனைவி. தேவகியம்மாவின் நெற்றியில் விரல் வைத்து எடுத்து, தன் தாலியில் ஒற்றிக்கொண்டார். அடுத்து அவர் மருமகள். அடுத்து எதிர்வீட்டுக்காரர்கள். புதிதாகக் கல்யாணமான பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் ஒருத்தி. வரிசை பந்தலைத் தாண்டி ரோடு வரைக்கும் போய்விட்டது. குங்குமம் தீரத் தீர மறுபடி வைத்தார்கள். அந்த வரிசையில் கஸ்தூரியும் நின்றாள்.

சாயங்காலம் பிச்சாட்டூரில் பஸ் ஏறினோம். கஸ்தூரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். நாராயணவனம் தாண்டிய பிறகுதான் திரும்பினாள். அவள் நெற்றியில் அந்தக் குங்குமம் வியர்வையில் கொஞ்சம் வழிந்திருந்தது.

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு அவங்க வந்திருந்தாங்க."

"ஆமா."

"நலங்குக்கு நானும் கூப்பிடலை. கூப்பிடுன்னு நீங்களும் சொல்லலை."

கண்டக்டர் நீட்டிய சில்லறையை வாங்கிப் பையில் போட்டேன்.

"கூப்பிட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.